பூமீனும் நீர்மட்டமும்

மழைக்காலம் பிறந்துவிட்டால், எங்கள் விஜயபுரம், நகரிப் பிரதேசத்து ஜனங்கள் காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன் முதலில் தேடுவது அணைகளைப் பற்றிய செய்தியைத்தான். அம்மப்பள்ளி அணை நிரம்பிற்றா, பிச்சாட்டூரில் மதகு தூக்கினார்களா, தூக்கியிருந்தால் வினாடிக்கு எத்தனை கன அடி ஜலம் ஆற்றில் விழுகிறது என்ற விவரங்கள் கொசஸ்தலைக் கரையில் இருப்பவனுக்கும் ஆரணியாற்றுக் கரையில் இருப்பவனுக்கும் சொந்த வீட்டு விஷயங்கள். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், பள்ளிப்பட்டிலும் ஊத்துக்கோட்டையிலும் இருக்கும் நம் பந்துக்களுக்கும் அப்படியே. இன்னும் தெற்கே போனால், மேட்டூர் அணையின் மட்டம் 120 அடியைத் தொட்டதா என்ற ஒரே எண்ணை நம்பிக் காவேரிப் பாசனத்துக் குடியானவன் தன் வருஷத்தைத் தொடங்குகிறான். இவ்வாறு மனிதனுடைய பயிருக்கும் குடத்துக்கும் மின்விளக்குக்கும் வேண்டிய மட்டத்தை அங்குலம் தவறாமல் அளந்து அச்சிடுகிற நாம், அந்த ஜலத்திலேயே பிறந்து அந்த ஜலத்திலேயே மடிகிற மீனுக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும், எந்த மாதத்தில் வேண்டும், எவ்வளவு வேகத்தோடு வேண்டும் என்று விசாரிப்பதில்லை. அந்த விசாரணையில் வாசகர்களையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையால் இதை எழுதுகிறேன்.

ஆற்றைக் கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரே ஜலமாகத் தோன்றும். மீனுக்கோ அது பல அறைகள் கொண்ட வீடு. பாறைகளுக்கும் பரல்களுக்கும் இடையே சலசலத்து ஓடும் ஆழமற்ற இடம் ஒன்று. அதற்குக் கீழே, ஓட்டம் அடங்கி, ஆழ்ந்து, பச்சை நிறம் கொண்டு கிடக்கும் மடு ஒன்று. கரையோரமாக, கோரைக்கும் வேர்களுக்கும் நடுவில், முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும் ஓரஜலம் ஒன்று. முட்டையிடுவதற்குச் சலசலப்பும், வெயிற்காலத்தில் ஒதுங்குவதற்கு மடுவும், குஞ்சுகள் வளர்வதற்கு ஓரஜலமுமாக ஒரே மீன் தன் ஆயுளில் இம்மூன்று அறைகளிலும் குடியிருக்கிறது. நீர்மட்டம் இரண்டடி இறங்கினால் நமக்கு ஆறு சற்று மெலிந்ததாகத் தோன்றுகிறதே தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை. மீனின் கணக்கிலோ, ஓரஜலம் முழுவதும் மணலாகிவிட்டது, சலசலப்பு பாதங்கூட நனையாத கற்குவியலாகிவிட்டது, எஞ்சியது மடு ஒன்றே. ஆழம் பாதியாகக் குறைந்தால் மீனின் வாசஸ்தலமும் பாதியாகக் குறையும் என்று எண்ணுவது பிசகு. சில ஆறுகளில் முதல் இரண்டடி இறங்கும்வரை நஷ்டம் சொற்பமாகவே இருக்கும். பிறகு ஓர் எல்லை வரும். அந்த எல்லைக்குக் கீழே ஓர் அங்குலம் இறங்கினாலும், மடுவுக்கும் மடுவுக்கும் இடையே இருந்த ஜலவழி அறுந்து, ஆறு தனித்தனிக் குட்டைகளாகப் பிரிந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஆறுகளில் அந்தப் பிரிவினையைத் தை, மாசி மாதங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் இரு கரையும் முட்ட ஓடிய ஸ்வர்ணமுகி, சந்திரகிரியிலிருந்து காளஹஸ்தி வரையில் வெறும் மணற்பரப்பாகக் கிடக்க, அங்கங்கே பாறையடியிலும் பாலத்துத் தூணடியிலும் மட்டும் கலங்கிய ஜலம் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்தைச் சுற்றிக் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் காலை முதல் காத்திருக்கும். பிள்ளைகள் துண்டை விரித்துக் குஞ்சு அள்ளுவார்கள். ஜலம் குறையக் குறைய வெயில் அதைச் சீக்கிரம் சூடாக்குகிறது. சூடான ஜலம் பிராணவாயுவைக் குறைவாகவே தாங்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஜலம் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்துவைத்துக்கொள்ளுமானால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதே வேளையில் சூட்டினால் மீனின் உடல் வேகமாக இயங்கி, முன்னைவிட அதிகப் பிராணவாயுவைக் கேட்கிறது. வரவு குறைந்து செலவு மிகும் இந்த இக்கட்டில், மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கத் தெரிந்த விராலும் தேளியும் பிழைத்துக்கொள்ளும். ஓடும் ஜலத்துக்கென்றே பிறந்த கெண்டை இனங்கள் வாயைத் திறந்து திறந்து மூடி, விடியற்காலையில் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும்.

விஜயபுரத்துக்கு அருகில் நாகலாபுரம் இருக்கிறது. விஷ்ணுவை மத்ஸ்ய ரூபத்தில் மூலவராகக் கொண்ட கோவில்கள் தேசத்தில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான வேதநாராயண சுவாமி ஆலயம் அங்கே உள்ளது. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் எழுப்பிய ஊர் அது. பங்குனி மாதத்தில் மூன்று நாள் மாலைச் சூரியனுடைய கிரணங்கள் பாதத்தில் தொடங்கி முறையே நாபியிலும் நெற்றியிலும் விழுவதைத் தரிசிக்க எங்கள் ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் போவார்கள். அந்த அவதாரக் கதையைப் பாகவதம் சொல்லும் விதம் என் மனத்தை விட்டு அகல்வதில்லை. திராவிட தேசத்து அரசனாகிய சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்கையில் அவனுடைய அஞ்சலி ஜலத்தில் ஒரு சிறு மீன் அகப்படுகிறது. என்னைக் கைவிடாதே என்று அது கேட்கக் கமண்டலத்தில் விடுகிறான். கமண்டலம் போதவில்லை என்கிறது. பெரிய பாத்திரம் போதவில்லை, குளம் போதவில்லை, ஏரி போதவில்லை. கடைசியில் சமுத்திரத்தில் கொண்டுபோய் விடுகிறான். பக்தர்கள் அதில் பகவானுடைய விசுவரூபத்தைக் காண்கிறார்கள், நானும் காண்கிறேன். அதோடு கூட, மீன் வளர வளர அதற்கு வேண்டிய இடமும் வளர்கிறது என்ற சத்தியத்தை அக்கதையைச் சொன்னவர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்றும் வியக்கிறேன்.

இடம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காலம். வறண்ட ஆற்றில் புதுவெள்ளம் நுரையும் சருகுமாக இறங்கி வருகிற முதல் இரவில், கீழே ஏரிகளிலும் மடுக்களிலும் இருந்த மீன்கள் எதிர்நீச்சலில் ஏறத் தொடங்கிவிடும். அந்த இரவுக்காகவே ஊரில் சிலர் கூடையும் பறியும் சித்தமாக வைத்திருப்பார்கள். ஜலம் கலங்கியதும், குளிர்ந்ததும், மட்டம் உயர்ந்ததும், ஓட்டம் வேகம் கொண்டதுமாகிய இத்தனை அடையாளங்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் மீனின் உடலுக்குள் சினைப்பருவத்தை எழுப்புகின்றன. ஆந்திர தேசத்தில் இதை விளக்குவது எளிது; கோதாவரியில் ஆவணிச் செவ்வெள்ளத்தோடு சமுத்திரத்திலிருந்து ஏறிவரும் புலஸ மீனின் ருசிக்காகத் தாலியைக்கூட விற்கலாம் என்று சொல்லுகிற நாடல்லவா இது? தமிழில் உல்லம் என்று சொல்லப்படும் அதே மீன் ஒரு காலத்தில் காவேரியிலும் ஏறிவந்தது. 1934ஆம் வருஷம் மேட்டூர் அணை எழுந்தபின் மேலாற்றுக்கு அதன் வழி அடைபட்டது. விலாங்கின் யாத்திரையோ இதற்கு நேர் எதிர்: ஆற்றிலும் ஏரியிலும் பல வருஷம் வளர்ந்துவிட்டு, முட்டையிடுவதற்கு ஆழ்கடலை நாடிப் போகிறது, குஞ்சுகள் கண்ணாடி ஊசிகளைப் போல மறுபடியும் ஆற்றுமுகத்தைத் தேடி வருகின்றன. ஆற்றுமுகத்தில் நன்னீர் வந்து சேராத வருஷத்தில் அவை எந்த வாசனையைப் பின்பற்றி உள்ளே வரும்?

இவையெல்லாம் ஒருங்கே கூடி ஒரு மீனினத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்த வரலாற்றை அறிய வேண்டுமானால், காவேரிக்குத்தான் போக வேண்டும். பூமீன் என்றும் பொம்மீன் என்றும் தமிழில் வழங்குகிற மஹ்ஸீர் கெண்டைகளில் மிகப் பெரிய ஒன்று காவேரி மண்டலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தலைக்குப் பின்னே முதுகு திமில் போல எழும்பி, துடுப்புகள் செம்மஞ்சள் நிறம் கொண்டு, செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். சென்னை மாகாணத்துச் சிவில் உத்தியோகஸ்தராகிய எச். எஸ். தாமஸ் 1873இல் எழுதிய தூண்டில் நூலின் மூலம் அதன் புகழ் சீமைக்குப் போயிற்று. 1946இல் கபினி ஆற்றில், மைசூரில் வேட்டை மிருகங்களின் தோலைப் பதப்படுத்துவதில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு; அதாவது 54 கிலோவுக்கும் மேல். அத்தனை பிரசித்தி பெற்ற மீனுக்கு 2018 வரையில் சாஸ்திர முறைப்படி நிச்சயமான ஒரு பெயர் இல்லை என்பது நம்புவதற்கு அரிய விஷயம். அட்ரியன் பிண்டர், மணிமேகலன், ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மோயாற்றிலிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து முன்பே வருணிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற இனமே இது என்று அவ்வருஷம் நிறுவினார்கள். பெயர் கிடைத்த அதே வருஷத்தில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவுக்கு மிக அருகில் நிற்கும் இனங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டது.

பூமீனுக்கு நேர்ந்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்தால், அதன் விரோதிகளில் முதல்வன் தூண்டில்காரன் என்று சொல்ல முடியாது. 1902இல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 1911இல் கிருஷ்ணராஜசாகரத்துக்கு அடிக்கல் விழுந்தது. 1934இல் மேட்டூர், 1955இல் பவானிசாகர், 1974இல் கபினி. இவற்றுள் ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்லுகிற துணிவு எனக்கில்லை. தஞ்சைக்கு நெல்லும் கோலாருக்கு விளக்கும் இவற்றால் வந்தன. ஆயினும் ஒவ்வோர் அணையும் எழுந்தபோது, பூமீன் ஏறி இறங்கிய ராஜபாட்டையில் ஒவ்வொரு கதவு சாத்தப்பட்டது. ஆடி வெள்ளத்தில் மேலாற்றுக்கும் கிளையாற்றுக்கும் ஏறிப் போய், வேகமாக ஓடும் குளிர்ந்த ஜலத்தில், பரற்கற்களின் மேல் அது முட்டையிடும். முட்டை நீரைவிடக் கனமாதலால் கற்களின் சந்துகளில் இறங்கித் தங்கும். பொரிந்த குஞ்சு, வயிற்றில் இருக்கும் கருவுணவு தீரும்வரை, சில நாட்கள் அங்கேயே தலையைப் புதைத்துக் கிடக்கும். அந்தச் சந்துகளின் வழியே ஜலம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் தளர்ந்தால் வண்டல் படிந்து சந்துகளை அடைத்து முட்டை மூச்சு முட்டிச் சாகும். மட்டம் திடீரென்று இறங்கினால் கற்குவியலே வெயிலில் காயும். அணைக்கு மேற்புறம் நீர் தேங்கி ஏரியாகிவிட்ட இடத்தில் பரலும் இல்லை, சலசலப்பும் இல்லை. மேகதாட்டில் 67 டி.எம்.சி.க்கு மேற்பட்ட கொள்ளளவோடு கட்டுவதற்கு உத்தேசித்திருக்கும் அணையைப் பற்றிக் கர்நாடகமும் தமிழ்நாடும் ஜலப் பங்கீட்டை வைத்து வாதாடுகின்றன. காவேரியில் இன்னும் ஓடும் ஆறாகவே எஞ்சியிருக்கிற ஒரு மலைப்பகுதி அதனால் தேங்கும் ஜலமாகிவிடும் என்ற வாதமும் அந்தச் சபையில் உரத்து ஒலிக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

நல்லெண்ணமும் பூமீனுக்குத் தீங்கு செய்தது. லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் நடத்திய பொரிப்பகத்தில் வேறொரு மஹ்ஸீர் இனத்தைச் செயற்கையாகப் பெருக்கி, மீன் குறைந்த ஆறுகளில் விடத் தொடங்கினார்கள். அந்த நீலத்துடுப்பு மீன் காவேரிக்கும் வந்தது. நோக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் 1998 முதல் 2012 வரை காவேரித் தூண்டில் முகாம்களில் பிடித்து அளந்து திரும்ப விட்ட மீன்களின் குறிப்பேடுகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன் வருஷத்துக்கு வருஷம் பெருகவும், செந்துடுப்புப் பூமீன் அருகிக்கொண்டே வரவும் கண்டார்கள். தேக்கநீரையும் மட்டத்தின் மாறுதல்களையும் சகித்துக்கொள்ளத் தெரிந்த அந்நியன் நுழைகிற வீட்டில், ஓட்டத்தையே நம்பியிருக்கும் சுதேசி ஒதுங்க நேரிடுகிறது. இதற்கிடையே வெடி வைத்து மீன் பிடிக்கும் பாதகமும் உண்டு. ஆறு நிறைந்து ஓடுகையில் வெடியால் அகப்படுவது கொஞ்சம். கோடையில் மீன்களெல்லாம் ஒரு மடுவில் வந்து குவிந்திருக்கும்போது ஒரே வெடியில், சினை மீன் முதல் சுண்டுவிரல் குஞ்சு வரை, அந்த மடுவின் வம்சமே அற்றுப்போகும். ஆகவே வெடியின் கொடுமையும் கடைசியில் நீர்மட்டத்தோடுதான் வந்து முடிகிறது.

சிருங்கேரியில் துங்கையின் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்ட புண்ணியம் வாசகர்களில் பலருக்கு இருக்கும். வலைக்கும் வெடிக்கும் பயமின்றி, கோவிலின் நிழலில் தலைமுறை தலைமுறையாக அங்கே மஹ்ஸீர்கள் வாழ்கின்றன. சட்டம் செய்ய முடியாததைப் பக்தி செய்திருக்கிறது. ஆனால் பக்தியால் காக்கப்பட்ட படித்துறையிலும் மேலேயிருந்து ஜலம் வந்துகொண்டிருந்தால்தான் மீன் இருக்கும்.

பூமீன் இன்று நிலைத்திருக்கும் மிகச் சில இடங்களில் தலையானது மோயாறு. நீலகிரியில் முக்குருத்திச் சிகரத்தின் பக்கத்தில் பைக்காரா என்ற பெயரோடு பிறந்து, முதுமலைக் காட்டின் விளிம்பில் ஆழ்ந்த பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கும் ஆறு அது. யானையும் புலியும் காவல் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் மனிதன் சுலபமாக இறங்க முடியாதென்பதே மீனுக்குக் கிடைத்த வரம். ஆனால் மனிதன் இறங்காவிட்டாலும் அவனுடைய விசை இறங்குகிறது. 1932இல் பைக்காரா மின்நிலையமும் 1952இல் மோயாறு மின்நிலையமும் ஏற்பட்ட பிறகு, அந்த ஆற்றின் மட்டம் மழையின் போக்கை விட்டு மின்சாரத் தேவையின் போக்கில் ஏறி இறங்கத் தொடங்கிற்று. ஊர்களில் விளக்கேற்றும் நேரத்துக்கு யந்திரம் சுழல ஜலம் பாய்கிறது. தேவை அடங்கியதும் பாய்ச்சல் நிற்கிறது. மழையினால் ஏறும் ஆறு நாட்கணக்கில் வடியும். யந்திரத்தினால் ஏறும் ஆறு நாழிகைக் கணக்கில் வடிந்துவிடும். பெரிய மீன் ஆழத்துக்கு நகர்ந்து தப்பிக்கொள்ளும். உயர்ந்த மட்டத்தை நம்பி ஓரத்துப் புல்லுக்குள் நுழைந்த குஞ்சோ, ஜலம் பின்வாங்கும் வேகத்தோடு ஓடத் தெரியாமல், கற்குழியில் சிறைப்பட்டுச் சாகிறது. வருஷத்தின் மொத்தத்தை மாத்திரம் கூட்டிப் பார்க்கிறவன் இந்த ஆற்றில் ஜலம் குறையவில்லை என்று சத்தியம் செய்யலாம். அவன் கணக்கு பொய்யுமல்ல. ஆனாலும் குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கும்.

கணக்கு என்றதும் காவேரி நடுவர் மன்றம் நினைவுக்கு வருகிறது. 2007ஆம் வருஷம் பிப்ரவரி 5ஆம் தேதி வழங்கிய இறுதித் தீர்ப்பில், அம்மன்றம் காவேரியின் வருஷாந்தர ஜலத்தை 740 டி.எம்.சி. என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கிட்டது. மீந்த 14இல், தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பது 4 என்றும், சுற்றுச்சூழலின் பாதுகாப்புக்கு 10 என்றும் எழுதியது. ராஜ்யங்களின் பங்கை 2018இல் உச்ச நீதிமன்றம் மாற்றியபோதும் இந்தப் பத்து மாறவில்லை. இந்திய நதி வழக்குகளின் சரித்திரத்தில், வழக்காடத் தெரியாத ஜீவராசிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்று எழுதிய அந்த நீதிபதிகளை நான் வணங்குகிறேன். ஆயினும் அந்தப் பங்கின் அளவை யோசித்துப் பாருங்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, பத்து டி.எம்.சி.யை வருஷம் முழுவதும் சமமாகப் பரப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 317 கன அடி வரும். குறுவைக்காக மேட்டூர் மதகைத் திறக்கும் நாட்களில் ஆயிரக்கணக்கான கன அடிகள் விடுகிறார்கள்.

ஆற்றில் எவ்வளவு விட்டுவைத்தால் மீன் பிழைக்கும் என்ற கேள்விக்கு விடைதேடி, அமெரிக்காவில் டொனால்டு டென்னண்ட் என்ற மீன்வள அதிகாரி மான்டானா முதலிய மேற்கு ராஜ்யங்களில் பதினொரு ஆறுகளை அளந்து, 1976இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். சராசரி ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரும்பாலான ஜீவன்கள் கொஞ்ச காலம் உயிரை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்தில் மூன்று பங்கு இருந்தால் நன்றாக வாழும். குளிர்நாட்டு ஆற்றுக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே நம் பருவமழை ஆறுகளுக்கு ஒட்டிப் பார்ப்பது சரியாகாது. எனினும் 740இல் பத்து என்பது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு என்பதை அதோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. அளவைவிட முக்கியமான குறை வேறொன்று. பத்து டி.எம்.சி. என்று மொத்தமாக எழுதிவைத்தால், அது எந்த மாதத்தில் எத்தனை என்று யார் கேட்பார்கள்? 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்கு வெளியிட்ட அறிவிக்கை இந்த விஷயத்தில் மேலானது. உற்பத்தி ஸ்தானத்திலிருந்து ஹரித்வார் வரையில், நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி ஓட்டத்தில் நூற்றுக்கு 20, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று, பருவத்துக்குப் பருவம் வேறுபடுத்தி, இவ்வளவு ஜலம் ஆற்றிலேயே ஓடியாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா இதற்கு இருபது வருஷம் முன்பே, 1998இல் இயற்றிய ஜலச் சட்டத்தில், மனிதனுடைய குடிநீருக்கும் ஆற்றின் ஜீவனுக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று எழுதிவிட்டது. கங்கைக்குச் செய்ததைத் தென்னாட்டு நதிகளுக்கும் செய்யக் கூடாதென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய நதிகளைப் பற்றிப் பேசுகையில், மழைக்கு மழை ஓடுகிற எங்கள் மணலாறுகளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று ஒரு வாசகர் கேட்கலாம். அவருக்கு அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றைச் சொல்வேன். ஒரு விரல் நீளத்துக்குமேல் வளராத ஒரு வெள்ளிமீன் அங்கே இருக்கிறது. 1994இல் அதை அழியும் இனமென்று அறிவித்தார்கள். முன்பு வாழ்ந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்று அதற்கு மிச்சமில்லை. பனி உருகி வெள்ளம் வரும் வசந்தத்தில் அது இடுகிற முட்டை, மூழ்காமலும் முற்றிலும் மிதக்காமலும், ஜலத்தின் நடுவே உருண்டுகொண்டே வெகுதூரம் போகும். வெள்ளம் வராத வருஷம் சினைப்பருவம் வீணாகிறது. வெள்ளம் வந்து உடனே வடிந்தால், குஞ்சு ஒதுங்க ஓரஜலம் இல்லை. இடையில் அணை இருந்தால் முட்டைகள் தேக்கத்தில் போய் அமிழ்கின்றன. கோடை தோறும் அந்த ஆறு வறளும் இடங்களில், அரசாங்கத்து உயிரியலாளர்கள் இழுவலையும் வாளியும் ஏந்தி, குட்டை குட்டையாகப் போய், சிறைப்பட்ட மீன்களை அள்ளி ஓடும் ஜலத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2022 ஜூலையில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஆல்புகர்க்கி நகரத்துக்குள்ளேயே அந்த ஆறு வறண்டபோதும், வாளிகளோடு அவர்கள் மணலில் நடந்தார்கள். உண்ணவும் விற்கவும் உதவாத ஒரு சிறுமீனுக்காக இவ்வளவு சிரத்தை எடுக்கிறவர்களைப் பற்றி அறிந்தபோது, எங்கள் ஸ்வர்ணமுகியின் குட்டைகளில் துண்டு விரித்துக் குஞ்சு அள்ளிய பிள்ளைகளில் ஒருவனாக இருந்த எனக்கு மனம் கனத்தது.

எங்கள் ஆறுகள் எப்போதும் கோடையில் வறண்டவைதான். ஆனால் இப்போது வறளுவது போல முன்பு வறளவில்லை. மேலே மணல் காய்ந்திருந்தாலும் கீழே ஊற்று ஓடிக்கொண்டிருக்கும்; இரண்டு முழம் தோண்டினால் ஜலம் சுரக்கும்; ஆற்றுமணலில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்களால் மாசி, பங்குனியிலும் நஞ்சைக்குப் பாய்ச்சிய கிராமங்கள் உண்டு. அந்த ஊற்றுதான் மடுக்களைக் கோடை முழுவதும் குளிர்ச்சியாக வைத்துக் காப்பாற்றிற்று. மணலை அள்ளியதாலும், கரையோரம் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியதாலும், ஆற்றின் படுகை தாழ்ந்து, ஊற்று அதனினும் கீழே போய்விட்டது. மீன் எந்த மடுவை நம்பி வேனிலைக் கழிக்குமோ அந்த மடு, கோடை பிறக்கும் முன்பே சேறாகிறது. மீன் நகரவும் வழியில்லை. முன்பு வெள்ளம் வடியும்போது அது மேலும் கீழும் போய்த் தனக்கேற்ற மடுவைத் தேர்ந்துகொள்ளும். இப்போது தடுப்பணைகள் வழியை மறிக்கின்றன. ஆரணியாறும் காளங்கியாறும் போய்ச் சேர்கிற பழவேற்காட்டு ஏரியிலும் இதன் விளைவைக் காணலாம். ஆற்றுஜலம் போதுமான பலத்தோடு வந்து தள்ளினால் முகத்துவாரத்து மணல்மேடு கரையும். கடலும் ஏரியும் ஒன்றையொன்று தொடும். மடவையும் இறாலும் உள்ளே வந்து வளரும். வரத்து மெலிந்த வருஷங்களில் முகத்துவாரம் தூர்ந்துபோக, ஏரியின் உப்பு ஏறி, வலைஞர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

எங்கள் சீமையின் ஆற்றோரக் கிராமங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கார்த்திகை வெள்ளம் வடிந்து மதகை மூடும் நாள் வரும்போது, ஒரே இரவில் முழுவதையும் அடைத்துவிடாமல், நான்கைந்து நாட்களாகப் படிப்படியாக இறக்கும்படி ஊராட்சியின் மூலமாக நீர்ப்பாசன அதிகாரிகளைக் கேளுங்கள். மதகு இறங்கும் அந்த நாட்களில் குஞ்சு மீன்கள் ஓரத்தை விட்டு மடுவுக்கு வந்து சேர்ந்துவிடும். ஊருக்கு ஒரு மடுவையாவது, அதன் மணலைத் தொடாமலும், கோடையில் அதில் வலையும் வெடியும் விழாமலும், புதுவெள்ளம் வரும்வரை காப்பாற்றுங்கள். அடுத்த கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதுவதற்கு ஒரு தாளும், எழுந்து நின்று கேட்பதற்கு ஒரு மனிதரும் போதும்.